சூசைநாதன் செதுக்கிய ஓரம்

சைகோனிலிருந்து திரும்பி வந்த சூசைநாதனுக்கு ஓரிடத்தில் உட்கார வராது என்பது நெல்லித்தோப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாப்பாட்டுக்கு உட்காருவார், பாதித் தட்டில் எழுந்து வாசல்வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் பக்கவாசல் வழியாக வெளியேறி, கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்து, பிரசங்கம் முடிகிற சமயம் பார்த்து உள்ளே வந்து நிற்பார். இந்த மனுஷன் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்றுதான் அக்கம்பக்கத்தார் முதலில் நினைத்தார்கள்.

சைகோன் துறைமுகத்துச் சுங்கக் கிடங்குகளில் பதினான்கு வருஷம் காவல்காரராக இருந்தவர் அவர். அரிசி மூட்டையும் ரப்பர் கட்டும் அடுக்கிய நீளமான கொட்டகைகளை விடிய விடியச் சுற்றிவர வேண்டும். மேலாள் எந்த மூலையிலிருந்து எப்போது விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருக்கக் கண்டால் கூலியில் பிடிப்பான். இரண்டு தடவை அப்படிப் பிடிபட்ட பிறகு சூசைநாதன் உட்காருகிற பழக்கத்தையே விட்டுவிட்டார். பிறகு அரிசி விலை விழுந்தது, கப்பல்கள் குறைந்தன, கொட்டகைகள் காலியாயின. காலிக் கொட்டகைக்குக் காவல் எதற்கு என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு தகரப் பெட்டியோடு புதுச்சேரிக் கடல்பாலத்தில் வந்து இறங்கினார்.

வீட்டில் ரோசா இருந்தாள். கல்யாணமான வருஷமே அவர் கப்பலேறியவர். நடுவில் ஒரே ஒரு தடவை விடுமுறையில் வந்து போனார். பிள்ளை தங்கவில்லை. ரோசா கன்னியர் மடத்துக்கு லேஸ் பின்னிக் கொடுத்து, கோழி வளர்த்து, ஓடு உடைந்தால் தானே ஆள் பிடித்து மாற்றி, தனியாகவே குடித்தனத்தை நடத்தி வந்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வீட்டில் உப்புச் சாடியை எடுத்துவிடுவாள். சூசைநாதன் வந்த பிறகு உப்புச் சாடி ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடுவார், காற்று அதிகம் என்று சுவரோரம் தள்ளுவார். மாதா படத்து ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் உயர்த்தி அடிப்பார். கோழிக்கூண்டின் வாசலைக் கிழக்கிலிருந்து வடக்குக்கு மாற்றினார். கோழிகள் சாயங்காலம் பழைய பக்கமே போய் முட்டிக்கொண்டு நின்றன. ரோசா சண்டை போடவில்லை. அவர் தெருவில் இறங்கியதும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவாள். அவர் திரும்பி வந்து மறுபடி மாற்றுவார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

சூசைநாதனின் மாமன் மகன் பிரான்சுவா துறைமுக ஆபீசில் சேவகராக இருந்தார். அவர்தான் மதாம் மொர்வானிடம் சொல்லி இவரைத் தோட்டவேலைக்குச் சேர்த்துவிட்டது. மச்சானுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதைவிட, ரோசா பகலில் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்பதுதான் அவர் நினைப்பு என்று பின்னால் சொன்னார்.

மதாம் மொர்வான் கடலோரத்து வெள்ளைக்காரத் தெருக்களில் ஒன்றில் இருந்தாள். வெள்ளைக்காரி என்றாலும் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில்தான். பள்ளிக்கூட வாத்தியாராயிருந்த புருஷன் இறந்த பிறகும் பிரான்சுக்குப் போகாமல் தகப்பனார் கட்டிய வீட்டிலேயே தங்கிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் உயர்ந்த மதில்களுக்கு நடுவே ஒரு புல்தரை. அவள் அதைப் பெலூஸ் என்பாள். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் அந்தப் பெலூஸில் நான்கு மேசை போட்டு, சிநேகிதர்களோடு சீட்டாடுவாள். மற்றபடி அவளுக்கு ஊரில் வேறு பொழுதுபோக்கு கிடையாது.

பழைய தோட்டக்காரன் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. ஓரங்கள் பாழாய்க் கிடந்தன. ஒரு பக்கம் புல் செங்கல் பாதைமேல் ஏறிப் படர்ந்திருந்தது. இன்னொரு பக்கம் மழைத்தண்ணீர் அரித்து, ஓரம் எலி கொறித்த ரொட்டி மாதிரி பொக்கை விழுந்திருந்தது. வாதாமரத்தடியில் வழுக்கை. நாற்காலிகள் போடுமிடங்களில் மண் இறுகி, புல் பழுத்துப்போய் இருந்தது.

முதல் நாள் மதாம் அவரிடம் ஓரம் சீர்செய்யும் விதத்தைச் சொன்னாள். தகப்பனார் செய்து அவள் சிறுவயதில் பார்த்தது. பொக்கை விழுந்த இடத்தில் ஒரு சதுரமாய்ப் புல்லை வேரோடும் மண்ணோடும் பெயர்த்தெடுத்து, அந்தப் பத்தையை முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும். வெட்டிய நேர்ப்பக்கம் வெளியே வந்துவிடும், உடைந்த பக்கம் உள்ளே போய்விடும். உள்ளே விழுந்த பள்ளத்தில் வண்டல் மண் போட்டு நிரப்பினால் சுற்றியிருக்கிற புல் வந்து மூடிக்கொள்ளும். சூசைநாதன் அதை நன்றாகவே செய்தார். இரண்டு முளை அடித்து, நூல்கயிறு கட்டி, பிறைநிலா மாதிரி வளைந்த செதுக்கியால் ஓரம் பிடித்துக்கொண்டே போனார். மாசி மாதம் வருவதற்குள் நாலு பக்கமும் கத்தியால் அறுத்த அல்வாத் துண்டு போல நின்றது. மதாம் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, தன் தகப்பனார் காலத்தில்கூட இவ்வளவு நேராக இருந்ததில்லை என்றாள். சூசைநாதனுக்குச் சைகோனிலும் சரி, ஊரிலும் சரி, இப்படி யாரும் சொன்னதில்லை.

அங்கேதான் வினை தொடங்கியது. ஓரம் முடிந்துவிட்டது; கைக்கு வேலையில்லை. தண்ணீர் ஊற்றுவது, சருகு வாருவது எல்லாம் காலையிலேயே தீர்ந்துபோகும். மீதிப் பொழுதுக்கு அவர் புல்தரையைச் சுற்றி நடந்தார். நடந்தால் கண்ணில் ஏதாவது படும். கிழக்கு ஓரத்தில் ஓர் இடம் நூலுக்கு வெளியே ஒரு விரற்கடை துருத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றும். செதுக்கியை எடுத்து அதைச் சீவுவார். சீவிய பிறகு பார்த்தால் மேற்கு ஓரம் அதற்குச் சரியாக இல்லை. அதையும் சீவ வேண்டும். பிறகு மூலைகள் கோணலாகிவிடும். மூலைகளைச் சரிசெய்தால் வடக்கும் தெற்கும் ஒத்துவராது. ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரல் அகலம்தான் போனது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. வெட்டிய புல்லைக் கூடையில் அள்ளி எருக்குழியில் கொட்டும்போது ஒரு நிம்மதி வரும். மறுநாள் காலை அது போய்விடும்.

நடந்து நடந்து புல்தரையின் குறுக்கே கிணற்றடியிலிருந்து வாதாமரம்வரை ஒரு ஒற்றையடித் தடமே விழுந்துவிட்டது. முன்பிருந்த வழுக்கைகள் போதாதென்று இது ஒன்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஓரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூச்செடிப் பாத்திகள் அகன்றுகொண்டே வந்ததை மதாமும் கவனிக்கவில்லை. வேலைக்காரர்கள் மேசைகளைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் நெருக்கினார்கள். பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, வயசான டாக்டர் ஒருவர் நல்ல சீட்டு வந்த சந்தோஷத்தில் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். பின்கால்கள் இரண்டும் ஓரத்தைத் தாண்டிப் பாத்தி மண்ணில் இறங்கின. மனிதர் கையில் பிடித்த சீட்டோடு கல்வாழைச் செடிகளுக்குள் மல்லாந்து விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். ஆனால் மதாம் சிரிக்கவில்லை. விருந்தாளிகள் போகும்வரை பொறுத்திருந்து, தகப்பனார் காலத்தில் புல்தரையின் அகலத்துக்கென்றே தைத்த தோரணக் கொடியொன்றை எடுத்துவரச் சொல்லி, வேலைக்காரனைவிட்டுப் புல்தரையின் குறுக்கே பிடித்துப் பார்த்தாள். அந்தக் கொடி நேராக நிற்கவில்லை. நடுவில் தொய்ந்து தரையில் கிடந்தது.

அவள் சூசைநாதனை அழைத்தாள். கோபமாகப் பேசவில்லை என்பதுதான் அவருக்குப் பயமாயிருந்தது.

"சூசைநாதன், என்னோட பெலூஸ் எங்கே போச்சு?" என்று கேட்டாள். அவள் தமிழில் பேசுவது அபூர்வம்.

அவர் எருக்குழி பக்கம் கையைக் காட்டினார்.

வேறு எஜமானியாக இருந்தால் அன்றோடு கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பாள். மதாம் மொர்வான், வெட்டியவனே ஒட்டவைக்கட்டும் என்றாள். ஜூலை மாதம் பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசத்துத் திருநாளன்று, அவள் வீட்டில் பெரிய விருந்து நடக்கும். அதற்குள் நான்கு மேசையும் பழையபடி நிற்க வேண்டும். செதுக்கியை அவரிடமிருந்து வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

புல்லுக்குத் தட்டாஞ்சாவடியிலிருந்து தனக்கொடி வந்தாள். குடியானவர் வீட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். வயல்வரப்பில் புல்லறுத்துக் கட்டி, ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு விற்க தினமும் டவுனுக்கு வருகிறவள். வரப்பு அருகம்புல்லை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். மண்ணைக் கொத்தி, எருவும் வண்டலும் கலந்து, வெட்டுப்பட்ட நாலு ஓரத்திலும், வழுக்கைகளிலும், அவர் நடந்த தடத்திலும் இருவரும் குத்துக் குத்தாக நட்டார்கள். அவள் வேகமாக நடுவாள். ஒரு கூடை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவாள். அவளுக்கு வீட்டில் மாடுகளும் மாமியாரும் இருந்தார்கள். இந்தத் தோட்டத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

சூசைநாதனுக்கோ நேரம் மட்டும்தான் இருந்தது. நட்ட மறுநாளே ஒரு குத்தை இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தார், வேர் பிடித்ததா என்று. கையோடு வந்துவிட்டது. திரும்ப ஊன்றினார். பக்கத்துக் குத்தை இழுத்தார். அதுவும் வந்தது. இப்படித் தினமும் பார்த்தார். ஒரு வாரத்தில் பாதிக் குத்துகள் வைக்கோலாயின. தனக்கொடி வந்து பார்த்துவிட்டுப் புதிதாக நட்டாள். அவையும் அதே கதியானபோது, அவள் மறுநாள் புல்லோடு ஒரு கட்டு கருவேல முள்ளும் கொண்டுவந்தாள். நட்ட இடமெல்லாம் முள்ளைப் பரப்பினாள்.

"இங்க ஆடு மாடு ஒண்ணும் வராதே. எதுக்கு முள்ளு?" என்று கேட்டார் சூசைநாதன்.

"ஆட்டுக்குப் போடல அண்ணே," என்றாள் தனக்கொடி. "ஒங்களுக்குத்தான் போட்டிருக்கேன்."

மதாமும் அதையே உத்தரவாக்கிவிட்டாள். காலையில் தண்ணீர் தெளிப்பதைத் தவிர அவர் புல்தரைப் பக்கமே வரக்கூடாது. ஆகவே சூசைநாதன் காலைவேலை முடிந்ததும் மதாம் வீட்டை விட்டுக் கிளம்பி ஊரெல்லாம் நடந்தார். கடல்பாலத்தின் முனைவரை போவார், திரும்பி ரயிலடிக்குப் போவார், அங்கிருந்து பெரிய கடைத்தெரு வழியாக மறுபடி கடற்கரைக்கு வருவார். வீட்டுக்குச் சீக்கிரமே போனால் கை கட்டிலைப் பிடித்து இழுக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கப்பல் நங்கூரம் போட்டிருக்கிற நாளில் பாலத்திலேயே நின்று, படகுகள் சரக்கேற்றிக்கொண்டு போவதையும் வருவதையும் பார்ப்பார். அங்கேதான் ஒரு நாள் பிரான்சுவா அவரைப் பிடித்தார்.

சைகோனில் கப்பல் நடமாட்டம் மறுபடி கூடியிருக்கிறதாம். கிடங்குக்குக் காவலாட்கள் கேட்டு வந்திருக்கிறதாம். ஏற்கனவே வேலை பார்த்தவர்களுக்கு முன்னுரிமை. சனிக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

"ஒனக்கு இந்த ஊரு ஒத்து வரல மச்சான். அது தெரியுது," என்றார் பிரான்சுவா. "யோசிச்சுச் சொல்லு."

சூசைநாதன் யோசித்தார் என்று சொல்ல முடியாது. நடந்தார். அன்று நடந்த தூரத்துக்கு வில்லியனூர் போய் வந்திருக்கலாம். பழைய கொட்டகைகள், ஆற்று வாடை, ஈர மூட்டை, தூரத்தில் அசையும் விளக்கு எல்லாம் நினைவுக்கு வந்தன. அங்கே இருந்தபோது அவற்றை வெறுத்தவர்தான். இப்போது அங்கே கால்களுக்குப் போக ஒரு வழி இருந்தது என்பது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ரோசாவிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

ரோசா ஜன்னலடியில் லேஸ் திண்டை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பிரான்சுவா அண்ணன் சொன்னத என்கிட்ட எப்பச் சொல்றதா இருக்கீங்க?"

அவர் நின்றுவிட்டார். பிரான்சுவாவின் மனைவி காலைப் பூசையிலேயே சொல்லிவிட்டாளாம்.

"போலாமான்னு பாக்கறேன்," என்றார்.

"போங்க. நானும் வர்றேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் ஊசிகளைத் திண்டில் குத்தி வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"பதினாலு வருஷத்துல ஒரு தடவையாவது நீயும் வான்னு கூப்புட்டீங்களா?"

அது பொம்பளைகள் இருக்கிற இடமில்லை என்று அவர் சொல்லத் தொடங்கினார். ஒரே அறையில் ஆறு ஆண்கள், கூரையில் எலி, மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கட்டில் காலுக்கு வரும், கடைக்குப் போனால் பாஷை புரியாது.

"அத நான் வந்து பாத்துட்டுச் சொல்லியிருப்பேன்," என்றாள் ரோசா.

அதன் பிறகு அவள் பேசினாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. வில்லியனூர் மாதா திருவிழாவைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டுத் தெருமுனைவரை போவாளாம். அங்கிருந்து கடலே தெரியாது, ஆனாலும் போவாளாம். வருஷக்கணக்கில் அப்படிப் போயிருக்கிறாள். அந்த ஊரில் ஆறு எவ்வளவு அகலம், சந்தையில் என்ன மீன், அங்கே கோயில்மணி எப்படி அடிக்கும் என்று கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். அவரோ வந்த நாளிலிருந்து உப்புச் சாடியைத்தான் நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

அவளுக்கு இந்த வீடும் கோழியும் லேஸும் போதும், இருந்த இடத்தில் இருக்கிறதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று சூசைநாதன் அன்றுவரை நினைத்திருந்தார். அவர் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பிரான்சுவா வீட்டுக்குப் போனார்.

பெண்சாதியை அழைத்துப்போகலாமா என்று கேட்டதும் பிரான்சுவா வாயைப் பிளந்தார். காவலாட்களுக்கு அதெல்லாம் கிடையாது, தனியாள்தான், குறைந்தது மூன்று வருஷம் நடுவில் வர முடியாது. சூசைநாதன் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"தனியாத்தான் போகணுமாம்," என்றார் ரோசாவிடம்.

"சரி. எப்பக் கப்பலு?" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. ஊசிகளைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் வர்லன்னு சொல்லிட்டேன்."

உண்மையில் அவர் அப்படிச் சொல்லிவிட்டு வரவில்லை. வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, பிரான்சுவாவிடம் சொல்லிவிட்டு வருவதற்காக மறுபடி தெருவில் இறங்கினார். ரோசா அவரை நம்பவில்லை. அதன் பிறகு பல மாதம் அவர் வெளியே போகும்போதெல்லாம் அந்தத் தகரப் பெட்டி காலியாகத்தான் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பாள்.

போகவில்லை என்று ஆனதும் மனம் அடங்கிவிட்டதா என்றால், இல்லை, இன்னும் மோசமானது. அந்தச் சனிக்கிழமை கப்பல் ஊதியபோது அவர் மதாம் வீட்டுக் கிணற்றடியில் இருந்தார். வாளிக் கயிறு கைநழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. பாதாளக்கரண்டி தேடி எடுத்துத் துழாவி வாளியை மீட்பதற்குள் பாதிப் பகல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் புல் மறுபடி கருகத் தொடங்கியது. முள்ளுக்கு அடியில், யார் கையும் படாமல், நுனி மஞ்சளாகிக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்ந்தது. தனக்கொடி இது தன் குற்றமில்லை என்று முந்திக்கொண்டு சொன்னாள். மதாமுக்குக் காரணம் தெரியும். அக்கினி வெயிலில் அந்தத் தெருக் கிணறுகள் எல்லாம் உப்பேறிவிடும். தகப்பனார் காலத்தில் கோடைக்கு, வெள்ளைக்காரத் தெருக்களைத் தனியே பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு அந்தப்புறமிருந்து மாட்டுவண்டியில் நல்ல தண்ணீர் வரும். இப்போது வண்டியும் இல்லை, மாடும் இல்லை. ஜூலை விருந்துக்கு மூன்று மேசையே போடலாம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள்.

"நான் கொண்டாறேன் மதாம்," என்றார் சூசைநாதன்.

இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களை ஒரு மூங்கிலில் கட்டிக் காவடியாகத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டித் தெருக்குழாய்க்குப் போனார். நிரப்பிக்கொண்டு வந்து கிணற்றடித் தொட்டியில் கொட்டினார். திரும்பப் போனார். குழாயடியில் பெண்கள் அவரோடு சண்டை பிடித்தார்கள். ஒரே ஆள் எத்தனை தடவை வரிசையில் நிற்பது? ஒருத்தி அவருக்குச் சைகோன் குதிரை என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் நெல்லித்தோப்புவரை வந்துசேர்ந்தது. அவர் பிறகு உச்சிவெயிலில், குழாயடியில் ஆளில்லாதபோது போக ஆரம்பித்தார். தார் உருகுகிற நேரம். செருப்பு ஒட்டிக்கொள்ளும். தொட்டி நிறைந்ததும், வெயில் தாழட்டும் என்று காத்திருக்க முடியாமல் இன்னொரு நடை போய்விட்டு வந்து, பூவாளியில் மொண்டு முள்ளின் மேலாகவே தெளிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோள் கன்றிச் சிவந்திருக்கும். ரோசா நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினாள். எண்ணெய் தடவுகிற நேரத்தில் ஆற்றின் அகலம் எவ்வளவு என்று கேட்பாள். அவர் சொல்வார். சந்தையில் என்ன மீன் என்பாள். அதையும் சொல்வார். பாதியில் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சொல்வார்.

ஆனி மாதம் ஒரு நாள் தனக்கொடி முள்ளை எடுத்தாள். அருகு கணு விட்டு ஓடியிருந்தது. ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கி மண்ணைப் பிடித்திருந்தது. சூசைநாதன் தன்னையறியாமல் இரண்டு விரலால் ஒன்றை இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுக்கப் போனவரைத் தனக்கொடி பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

விருந்தன்று நான்கு மேசைகள் நின்றன. நான்காவது மேசையின் ஒரு கால் செங்கல் பாதையில்தான் இருந்தது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. வாதாமரத்தடி வழுக்கையை மட்டும் புல் மூடவில்லை. நிழலில் அருகு வராது என்று தனக்கொடி முதலிலேயே சொல்லியிருந்தாள், மதாம் அங்கே ஒரு பெஞ்சைப் போட்டு மறைத்துவிட்டாள். கடல் பக்கத்து ஓரம் கோணலாக இருந்தது. நூல் கட்டாமல் தனக்கொடி அவசரத்தில் நட்ட பக்கம் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சூசைநாதனுக்கு உள்ளங்கை அரித்தது. ஒரே ஒரு தடவை, லேசாக, என்று மதாமிடம் கேட்டார். மதாம் அலமாரிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை, தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் செதுக்கி வெளியே வரும் என்றாள். அவர் மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே நினைவூட்டத் தொடங்கிவிடுவார்.

ஆடி மாதம் வீராம்பட்டினத்தில் தேர். தனக்கொடியின் தங்கையை அங்கேதான் கொடுத்திருந்தது. புல்கட்டை இறக்கிவைத்துவிட்டு, அண்ணியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், சாப்பாடு தங்கச்சி வீட்டில் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். சூசைநாதன் அதை வீட்டில் ஒரு சேதியாகத்தான் சொன்னார். ரோசா உடனே எழுந்து, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள். அம்மன் கோயில் தேரைப் பார்க்கப் போனால் சாமியார் என்ன சொல்வாரோ என்று அவர் தயங்கினார். தேர்தானே, தூர நின்று பார்ப்போம் என்றாள் அவள். தேருக்காக அவள் கிளம்பவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

நடந்தே போனார்கள். முதலில் அவர் தன் பழக்கத்துக்கு வேகமாகப் போய், திரும்பிப் பார்த்து, அவள் தூரத்தில் வருவதைக் கண்டு நின்றார். மறுபடி நடந்தார், மறுபடி நின்றார். ஆற்றங்கரையில் படகில் ஏறினார்கள். ரோசா படகில் ஏறியதே கிடையாது. முன்பக்கம் போய் உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தாள். நடுவில் நின்றுகொண்டிருந்த சூசைநாதனைப் படகுக்காரன் அதட்டி உட்காரவைத்தான்.

தேர் நகர்ந்தது, கூட்டம் கத்தியது, தனக்கொடியின் தங்கை வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு கிடைத்தது. சாப்பிட்ட பிறகு ரோசா கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். கட்டுமரங்களைத் தாண்டி ஈரமணல்வரை போய் நின்றாள். புதுச்சேரியிலும் இதே கடல்தான். ஆனாலும் அங்கே அவள் இப்படி அவரோடு வந்து நின்றதில்லை.

"அந்தப் பக்கந்தான் சைகோனா?" என்று கையை நீட்டினாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் வலதுபக்கம் திருப்பினார். "முதல்ல இப்படித்தான் போகும். அப்புறம் சுத்திக்கிட்டுப் போகணும்."

அவள் அந்தத் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். சூசைநாதன் இந்தக் காலிலும் அந்தக் காலிலுமாக மாறி மாறி நின்றார். இரண்டு தடவை கட்டுமரம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அவள் பார்த்து முடிக்கவில்லை. அவர் போகலாம் என்று சொல்லவுமில்லை.